‘நல்ல புத்தகமா ஒண்ணு கொடுங்க’ என்று கேட்டால் என்ன கொடுப்பது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று கையெழுத்தில் நான்கு பக்கம். எழுதியவர் 44 வயதுப் பெண்மணி. சிங்கப்பூரில் தன் வட்டார நூலகத்தில் ஆறு மாதமாகச் சனிக்கிழமைப் பிற்பகல்களில் தமிழ்ப் பகுதியில் தொண்டூழியம் செய்கிறார். யார் என்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

“சின்ன வயதிலிருந்தே படிப்பவள் நான். எனக்குப் பிடித்த நூல்களை மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்றுதான் இதற்கு வந்தேன். ஆனால் நான் கொடுப்பவை பாதி படிக்காமலே திரும்பி வருகின்றன. குடும்பக் கதை கேட்ட 78 வயதுப் பாட்டிக்கு விருது வாங்கிய நாவல் ஒன்றைக் கொடுத்தேன். மூன்றாம் நாளே கொண்டுவந்து வைத்துவிட்டு, ‘ஏம்மா என்னை அழ வைக்கிறே?’ என்றார். கட்டுமானத் துறையில் வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியர் ஒருவர் வருவார். தொழிலாளர் வாழ்க்கையைப் பற்றிய சிறுகதைத் தொகுப்பை எடுத்துக் கொடுத்தேன். ‘வேற இருக்கா அக்கா?’ என்று கேட்டார். உறுப்பினர் அட்டையும் இல்லை என்றார். ‘அட்டை இல்லாவிட்டால் சிரமம்தான் தம்பி’ என்று அனுப்பிவிட்டேன். உயர்நிலை மூன்றில் படிக்கும் பையனை அவன் அம்மா இழுத்துக்கொண்டு வருகிறார். அவன் தலை நிமிர்வதே இல்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரோ, ‘இந்தக் குப்பை நாவல்களை எல்லாம் நீங்களே எடுத்துக் கொடுக்கலாமா?’ என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். கடைசியாக ஒன்று. 16 வயதுப் பெண் ஒருத்திக்கு மனச்சோர்வு பற்றிய இரண்டு நூல்களைத் தேடிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவள் அம்மா வந்து, ‘என் மகள் என்ன எடுத்தாள்?’ என்று கேட்டார். அம்மாதானே என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அந்தப் பெண் வருவதே இல்லை. சட்டப்படி எனக்கு ஏதாவது வருமா? நான் இதற்கு லாயக்கில்லாதவளா? நின்றுவிடலாமா?”

அன்புள்ள சகோதரி,

நிற்க வேண்டாம். ஒரு புத்தகம் படிக்கப்படாமல் திரும்பி வருவதை நீங்கள் தோல்வி என்று எடுத்துக்கொள்கிறீர்கள். முப்பது ஆண்டுகள் நூலக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நமக்குக் கிடைக்கும் தகவல்களிலேயே நம்பகமானது அதுதான். படித்து முடித்தவர்கள் பெரும்பாலும் “நல்லா இருந்துச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதை வைத்து அடுத்த புத்தகத்தைத் தேட முடியாது. “ஏன் அழ வைக்கிறே?” என்பதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது, பாருங்கள்.

என் கதை ஒன்று. தொண்ணூறுகளின் கடைசியில் டாக்சி ஓட்டும் அங்கிள் ஒருவர் வாராவாரம் வருவார். “நல்ல புத்தகமா ஒண்ணு கொடு தம்பி.” நான் பெரிய சரித்திர நாவலாகப் பார்த்துக் கொடுப்பேன். இரண்டு நாளில் திரும்பி வந்துவிடும். கனம்தான் பிரச்சினை போல என்று மெலிந்த நாவல் கொடுத்தேன், அதுவும் வந்தது. இப்படியே நான்கு மாதம். ஒருநாள் அவரே பொறுமை இழந்து சொன்னார்: “டாக்சி ஸ்டாண்டில் எனக்கு முன்னால் நாலு வண்டி நிற்கும்போதுதான் புத்தகத்தை எடுப்பேன். என் முறை வந்தால் மூடணும். எங்கே மூடினாலும் கதை அறுந்து போகாத மாதிரி கொடு.” அவர் கேட்டது சின்னச் சின்ன அத்தியாயம். நான் கதையைப் பார்த்தேனே தவிர, அவர் எங்கே, எப்போது படிக்கிறார் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பிறகு பயணக் கட்டுரைகள், நினைவுக் குறிப்புகள் என்று கொடுத்தேன். ஒரு வருடம் கழித்து 600 பக்க நூல் ஒன்றையும் முடித்தார், அத்தியாயங்கள் மூன்று மூன்று பக்கமாக இருந்ததால்.

கேள்வியை மாற்றுங்கள்

“உங்களுக்கு என்ன மாதிரி புத்தகம் பிடிக்கும்?” என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது. மருத்துவர் “உங்களுக்கு என்ன நோய்?” என்று கேட்பதைப் போன்றது அது. “கடைசியாக ரசித்துப் படித்தது எது? அதில் என்ன பிடித்தது?” என்று கேளுங்கள். புத்தகமே ஞாபகம் இல்லாவிட்டால் பரவாயில்லை; நாடகம், படம், வசந்தம் ஒளிவழியில் பார்த்த தொடர், எதுவானாலும் சரி. அப்புறம் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். நம்மைப் போல நிறையப் படித்தவர்களுக்கு இதுதான் கஷ்டம்.

அவர்கள் சொல்வதில் எதைக் கவனிப்பது? சியாட்டல் நகர நூலகராக இருந்த நான்சி பெர்ல் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். ஒரு நூலுக்குள் வாசகர் நுழைய நான்கு வாசல்கள்: கதை, பாத்திரம், இடம், மொழி. “அடுத்து என்ன ஆச்சுன்னு கீழே வைக்க முடியலை” என்பவர் கதை வாசலில் நுழைந்தவர். “அந்தப் பெரியம்மா அப்படியே எங்க வீட்டு ஆள் மாதிரி” என்றால் பாத்திரம். “அந்த ஊருக்கே போய் வந்த மாதிரி இருந்துச்சு” என்றால் இடம். சில வரிகளை மனப்பாடமாகச் சொல்பவர் மொழிக்காகப் படிப்பவர். உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்கள் மொழி வாசல்காரர் என்று தெரிகிறது. அதனால் எல்லாரையும் அந்த வாசலுக்கே கூட்டிப் போகிறீர்கள்.

தமிழுக்கென்று ஐந்தாவதாக ஒன்றை நான் சேர்த்துக்கொள்வேன்: வட்டார வழக்கு. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த ஒருவருக்குக் கரிசல் பேச்சிலோ நாஞ்சில் பேச்சிலோ எழுதிய நாவலைக் கொடுத்தால், கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பத்தாம் பக்கத்தில் மூச்சு வாங்கும். அவர் நம்மிடம் “போர்” என்றுதான் சொல்வார். எழுதிய தமிழ் தனக்குப் புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் கூச்சம் இருக்கும். அந்த ஊர்களில் பிறந்தவருக்கோ அதே பேச்சுதான் இனிக்கும்.

உங்கள் கடிதத்தில் வந்தவர்கள்

பாட்டியிடமிருந்து ஆரம்பிக்கிறேன். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள்: அவர் கணவர் போன ஆண்டு இறந்துவிட்டார், அவர் வளர்ந்தது செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில். இந்த இரண்டும் தெரிந்த பிறகுமா சாவு நிறைந்த நாவலைக் கொடுத்தீர்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் இதே தப்பைப் பண்ணியிருக்கிறேன். “முடிவு நல்லபடியா இருக்குமா?” என்று அவர் கேட்டால் சொல்லிவிடுங்கள். முடிவைச் சொல்வது பாவம் என்பது விமர்சகர்களுக்கான விதி, துக்கத்தில் இருப்பவருக்குப் பொருந்தாது.

அந்தத் தளத்துக் காலம், 1971இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பும் வரை இருந்த அந்த வாழ்க்கை, அவருக்கு ஊர் மாதிரி. இடம் என்ற வாசல் அவருக்குத் திறந்தே இருக்கிறது. சிங்கப்பூர் எழுத்தாளர்களின் கதைகளில் அந்தக் காலத்துக் கம்பங்களையும் (கிராமங்களையும்) குடியிருப்புகளையும் தேடிப் பாருங்கள். அவர் கேட்ட குடும்பக் கதையையும் கூடவே கொடுங்கள். எழுத்து சின்னதாக இருந்து கண் வலிக்கிறது என்றால், தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்களைக் கைக்கணினியில் லிபி (Libby) செயலி வழியாக இரவல் வாங்கலாம். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கக்கூடிய தமிழ் மின்னூல்கள் அதில் உண்டு. பேரப்பிள்ளைகள் யாராவது ஒருமுறை அமைத்துக் கொடுத்தால் போதும்.

அந்த ஊழியர் தம்பி விஷயத்தில் இரண்டு தவறு. கட்டுமான வேலை செய்பவருக்குக் கட்டுமான வேலைக் கதை என்று முடிவு கட்டினீர்கள். ஆறு நாள் வெயிலில் நின்றவர் ஏழாவது நாளும் அதையே படிக்க வேண்டுமா? “ராக்கெட், வானம் அந்த மாதிரி” என்று அவர் ஒருமுறை சொன்னதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இது உங்கள் தவறு மட்டும் இல்லை. தமிழ்ப் பகுதி என்றாலே நம் கால் தானாக 894.811 நோக்கிப் போகும். நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி வகைப்பாட்டில் தமிழ் இலக்கியத்தின் எண் அது. வானியல் 520இல் இருக்கும், சமையல் 641.5இல், வரலாறும் பயணமும் 900களில். ஒரு சனிக்கிழமை யாரும் வராத நேரத்தில் இலக்கியம் அல்லாத தட்டுகளை மட்டும் நடந்து பாருங்கள். “நான் புத்தகம் எல்லாம் படிக்கிறதில்லை” என்று சொல்கிற ஆண்கள் பலருக்கு உரிய நூல் அங்கேதான் இருக்கிறது. நாவல் படிப்பதில்லை என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்.

இரண்டாவது தவறு, அட்டை. பொது நூலகத்துக்குள் வரவும் உட்கார்ந்து படிக்கவும் உறுப்பினர் அட்டை தேவையில்லை. இரவல் வாங்கத்தான் வேண்டும். அதற்கான விதி அவரவர் வைத்திருக்கும் வேலை அனுமதியைப் பொறுத்தது. பணியில் இருக்கும் அலுவலரிடம் கேட்டுத் தெளிவாகச் சொல்லுங்கள். அடுத்த முறை அவர் வந்தால் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். தங்குவிடுதியில் கிடைக்காத குளிரும் அமைதியும் தேடி வருபவரை நாமே வாசலில் திருப்பி அனுப்பியதாக ஆகிவிடக் கூடாது.

பையனிடம் பேசுங்கள், அவன் அம்மாவிடம் இல்லை. அவன் ஆங்கிலத்தில் பதில் சொன்னால் ஆங்கிலத்திலேயே சொல்லட்டும். என்ன விளையாடுகிறான், என்ன பார்க்கிறான் என்று கேளுங்கள். தாய்மொழித் தேர்வு என்ற பேச்சை எடுக்காதீர்கள். சித்திரக்கதை, ஒரு பக்கக் கதை, அவன் ஏற்கெனவே ஆங்கிலத்தில் படித்த ஒன்றின் தமிழாக்கம் என மெலிந்ததாக மூன்றை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நின்று பார்த்துக்கொண்டிருந்தால் தொடமாட்டான்.

‘குப்பை’ என்று சொன்னவருக்கு

ஆசிரியரின் கேள்வி உங்களைச் சுட்டிருக்கிறது. ஏனென்றால் உங்களுக்குள்ளும் அதே கேள்வி இருக்கிறது. குடும்ப நாவல் படிப்பவரைப் படிப்படியாக மேலே ஏற்றுவது நம் கடமை என்று இருவருமே நினைக்கிறீர்கள். நான் பார்த்தவரை வாசகர்கள் படியேறுவதில்லை, தோட்டத்தில் நடப்பதுபோல் அங்கே இங்கே போகிறார்கள். காலையில் திருவாசகமும் மாலையில் துப்பறியும் கதையும் படிப்பவர்களை எனக்குத் தெரியும். நான் அதில் ஒருவன்.

நம் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். ஆசிரியர் ஐயா ‘குப்பை’ என்று சொல்வதற்கும் உரிய வாசகர் உண்டு என்பதுதான் மூன்றாம் விதி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணித ஆசிரியராக இருந்த ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்த புதிதில், இந்த வேலை வேண்டாம், பழையபடி வகுப்பறைக்கே போகிறேன் என்று கெஞ்சினார். லண்டனுக்குப் போய்ப் படித்து, அங்கே நூலகங்கள் நடக்கும் விதத்தைப் பார்த்த பிறகுதான் மனம் மாறியது. நீங்கள் ஆறாவது மாதத்தில் நின்றுவிட நினைப்பது அப்படி ஒன்றும் விபரீதம் இல்லை.

அதற்காக, கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுக்கும் இயந்திரமாக இருக்கச் சொல்லவில்லை. நான் எப்போதும் மூன்று நூல் கொடுப்பேன். ஒன்று, அவர் கேட்டதே. ஒன்று, அதற்குப் பக்கத்து வீடு மாதிரி. மூன்றாவது, எனக்குப் பிடித்தது, கொஞ்சம் துணிந்து. “பிடிக்கலைன்னா அப்படியே கொண்டாங்க” என்ற ஒரு வரி மூன்றுக்கும் பொது. உங்கள் ரசனைக்கு இடம் அந்த மூன்றாவதில்தான். ஆசிரியர் மறுபடி வந்தால் வாதம் செய்யாதீர்கள். “ஐயா, மரபுக் கவிதை பக்கம் யாராவது கேட்டால் நான் எதைக் கொடுக்கட்டும்?” என்று அவரையே கேளுங்கள். உண்மையிலேயே நமக்கு அவர் தேவை.

நான்சி பெர்ல் சொன்ன இன்னொரு விதியும் அவருக்கு உதவலாம். 50 பக்கம் படித்தும் பிடிக்காவிட்டால் புத்தகத்தை மூடிவிடலாம். 50 வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து வரும் பக்கம் வரை படித்தால் போதும். உங்கள் பாட்டிக்கு 22 பக்கம். எனக்கு 33.

அந்தப் பெண்ணின் அம்மா

இதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடிதம் எழுத வைத்ததே இதுதான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் பழகப் பழகச் சரியாகும். இது மறுபடி நடக்கக் கூடாது.

ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருக்கும் நூலகத்துக்கும் இடையில் உள்ள விஷயம். 2012இல் உலக நூலகச் சங்கக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட நெறிமுறையிலும் இது உண்டு. ‘அம்மாதானே’ என்பது நம் வீட்டு வழக்கம். அக்கறையில்தான் சொன்னீர்கள், தெரியும். ஆனால் மனச்சோர்வு பற்றிய நூலை ஒரு பெண் எடுப்பதற்குப் பத்துக் காரணம் இருக்கலாம்: பள்ளித் திட்டப்பணி, தோழி ஒருத்தியைப் பற்றிய கவலை, வெறும் ஆர்வம். தனக்கே அந்தச் சிரமம் இருந்தால்கூட, வீட்டில் பேசுவதற்கு முன் அவள் தேர்ந்தெடுத்த இடம் நூலகம். அந்த இடம் இப்போது அவளுக்குப் பாதுகாப்பாகத் தோன்றவில்லை.

சட்டம் கேட்டீர்கள். நான் வழக்கறிஞன் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது. அதனால் அங்கே விதியே இல்லை என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள், அது தவறு. பொதுத்துறைக்கு 2018இல் தனிச் சட்டம் வந்தது. தரவைக் கையாள்வதில் தனி விதிகளும் உண்டு. நீங்கள் பதிவேடு எதையும் திறந்து பார்க்கவில்லை, நினைவில் இருந்ததை வாயால் சொன்னீர்கள். அது உங்கள் நிலையை எங்கே வைக்கிறது என்று ஊகிப்பதைவிட, உங்கள் பொறுப்பு அலுவலரிடம் நீங்களே போய் நடந்ததைச் சொல்லிவிடுவது நல்லது. திட்டு விழலாம். புகார் வழியாக அவருக்குத் தெரிய வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

அந்தப் பெண்ணைத் தேடிப் போகாதீர்கள். தெரிந்தவர் மூலம் சொல்லியனுப்புவதும் வேண்டாம், அது இரண்டாவது மீறல் ஆகிவிடும். அவளாக வந்தால், பக்கத்தில் யாரும் இல்லாதபோது இரண்டே வாக்கியம்: “நான் சொல்லியிருக்கக் கூடாது. இனி சொல்லமாட்டேன்.” விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் அவள்தான் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரும்.

அம்மா மறுபடி கேட்டால், “அதை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை, அவளிடமே கேளுங்கள்” என்பது போதும். கவலையாகத் தெரிந்தால், பிள்ளைகளோடு இதைப் பேசுவது எப்படி என்பது பற்றிய நூல்களை அவருக்கே எடுத்துக் கொடுக்கலாம். ஒரே ஒரு விதிவிலக்கு: உயிருக்கு ஆபத்து என்று தோன்றும்படி யாராவது உங்களிடமே பேசினால், புத்தகத்தோடு நிறுத்தாதீர்கள். உடனே அலுவலரிடம் சொல்லுங்கள். மன உளைச்சலில் இருப்பவர்களுக்கு உதவும் சிங்கப்பூர்ச் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 24 மணிநேர உதவி எண் 1767. அந்த எண்ணை மேசையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு தேடல் குறிப்பு

ஆங்கில நாவல்களுக்கு ‘இது பிடித்தால் அதுவும் பிடிக்கும்’ என்று சொல்ல நாவலிஸ்ட் போன்ற தரவுத்தளங்கள் இருக்கின்றன. தமிழுக்கு நம் தலையும் ஒரு நோட்டும்தான். படிக்கும் ஒவ்வொரு நூலுக்கும் நாலு வரி எழுதிவையுங்கள்: எந்த வாசல், வேகமா மெதுவா, எந்த ஊர்ப் பேச்சு, முடிவு எப்படி, எழுத்து பெரிதா சிறிதா. சாவு, வன்முறை இருந்தால் ஓரத்தில் ஒரு புள்ளி. கதைச் சுருக்கம் வேண்டாம், அது பின்னட்டையில் இருக்கிறது. வாசகர்களின் பெயரையும் அதில் எழுதாதீர்கள்.

கணினியில் தேடினால் இருக்கும் புத்தகம்கூடக் கிடைப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் தமிழ் எழுத்திலேயே தட்டிப் பாருங்கள். வராவிட்டால் ஆங்கில எழுத்தில். அங்கேதான் சிக்கல். நூலகங்கள் தமிழை ரோமன் எழுத்தில் பதிவு செய்யும் முறையில் ‘ச’ வந்தால் ‘எஸ்’ (s) போடுவதில்லை, ‘சி’ (c) என்ற எழுத்தைத்தான் போடுவார்கள். சிறுகதை, சிங்கப்பூர், சங்கம் எல்லாம் அந்த எழுத்தில் ஆரம்பிக்கும். ‘க’ எங்கே வந்தாலும் ‘கே’ (k)தான், ‘ஜி’ (g) கிடையாது. பாட்டிக்காகத் தேடும்போது 2015இல் நாட்டின் 50ஆம் ஆண்டையொட்டி உருவான தமிழ் மின்மரபுடைமைத் தொகுப்பையும் பாருங்கள். சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் ஏறத்தாழ 350 அதில் மின்வடிவில் இருக்கின்றன. அச்சில் இப்போது எங்கும் கிடைக்காத சிலவும் அதில் உண்டு; செம்பவாங் அங்கே எங்காவது தட்டுப்படலாம்.